ழகரம் இல்லாத புகார்

முதுகலைத் தமிழின் முதலாண்டு முடிந்த விடுமுறையில், வாலாஜாபாத் சாலையில் உள்ள ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. கார்களுக்கான ஒயர்க் கட்டுகளைச் செய்யும் இடம் அது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி வேனில்தான் நானும் போய்வந்தேன்.

கேன்டீன் வாசலில் 'உங்கள் குரல்' என்று எழுதிய பெட்டி ஒன்றைத் தலைமை அலுவலகத்தின் உத்தரவுப்படி புதிதாக மாட்டியிருந்தார்கள். தொழிலாளர்கள் அதில் போடும் சீட்டுகளைத் திங்கட்கிழமைதோறும் எடுத்து, எழுதியபடியே கணினியில் ஏற்றி, பக்கத்தில் ஆங்கிலத்தில் பொருள் எழுதுவது என் வேலை. பிரிவின் மேலாளரான மேடம் பார்த்த பிறகு அந்த அட்டவணையைத் தலைமை அலுவலகத்துக்கு நானே அனுப்ப வேண்டும். பெட்டியின் மேல், "பெயர் வேண்டாம். யார் என்று கேட்கமாட்டோம்" என்று அச்சிட்டிருந்தது.

அந்த வாக்கியத்தை நான் முதல் நாளே நம்பவில்லை. கேட்கமாட்டோம் என்பது வேறு, தெரிந்துகொள்ளமாட்டோம் என்பது வேறு. பெட்டிக்கு நேர் மேலே காமிரா இருந்தது. எழுதுவதற்காக வைத்த சீட்டுக் கட்டோ உற்பத்தி லைன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: முதல் லைனுக்கு மஞ்சள், இரண்டாவதற்குப் பச்சை, மூன்றாவதற்கு இளஞ்சிவப்பு. அட்டவணையில் 'லைன்' என்று ஒரு கட்டம் உண்டு. சீட்டின் நிறத்தைப் பார்த்து அதை நிரப்பச் சொன்னார் மேடம்.

"பாக்க அழகா இருக்கட்டுமேன்னுதாம்மா கலர் கலரா வாங்கினோம்" என்றார். அவர் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. அதனால் என் சந்தேகம் குறையவில்லை, கூடியது.

மூன்றாவது வாரம் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டு வந்தது. "சாப்புடும்போதும் பயம். எத்தினி நாளிக்கி இதே பயம். மாத்துங்க."

எழுதியவர் யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவின் கடைசி வீட்டு அக்கா. மெய்யெழுத்தின் புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடுவது அவர் வழக்கம். மகளின் பள்ளிப் படிவங்களை அவரோடு உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். மூன்றாவது லைன் சூப்பர்வைசரைப் பற்றி வேனில் அவர் சொன்னதும் என் காதிலேயே இருந்தது: "சோத்துல கைய வெச்சா போதும், பின்னால வந்து நின்னுக்கினு வாட்ச்ச பாக்கறாரு. பாத்ரூம் போனா நோட்டுல எழுதறாரு." அக்கா ஒப்பந்தத் தொழிலாளி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அந்த மாதக் கடைசியில் அவருடைய முறை.

பிற்பகல் மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் அந்தச் சீட்டு. பக்கத்தில் மூன்றாவது லைன் சூப்பர்வைசர். யார் என்று கேட்காத பெட்டியின் சீட்டு, யாரைப் பற்றியதோ அவர் கண்முன்னேயே கிடந்தது.

"நீ லிட்ரேச்சர் ஸ்டூடன்ட். எழுத்த வெச்சே ஆளச் சொல்லிடுவியே?" என்றார் மேடம் சிரித்துக்கொண்டே. "ஒண்ணும் பண்ணப்போறதில்ல. கூப்ட்டு ஆறுதலா பேசத்தான்."

நான் சீட்டைக் கையில் எடுத்தேன். "ஆள் தெரியாது மேடம். ஆனால் இது பயம் இல்லை, பழம். எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் யகரமாகும். தினமும் வாழைப்பழமே போடுகிறார்கள், மாற்றச் சொல்கிறார்கள்."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "நானும் இந்தப் பக்கந்தான் மேடம். வாயப்பயம்னு பேசுவாங்க. எழுதுவாங்களா இன்னா?"

காலையில் வந்த மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்து அவர்முன் வைத்தேன். அதில், 'வெள்ளிக்கியமை வண்டி லேட்டு' என்று இருந்தது. அவர் அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார், சற்று அதிக நேரம்.

நான் சொன்ன மொழிச் செய்தியில் தவறில்லை. அதை வைத்த இடம்தான் பொய். அன்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அடுத்த வாரம் கேன்டீனில் கொய்யா போட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு: 'உங்கள் குரல் கேட்கப்பட்டது. பழம் மாற்றப்பட்டது.'

மாலை வேனில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னா பாப்பா, வாயப்பயம் போயி கொய்யாப்பயம் வந்துகீது?"

பின்னிருக்கையில் ஒருவர், "அடுத்தது பலாப்பயம் கேளுங்கடி" என்றார். வேன் முழுக்கச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை.

"நீதான படிச்சி சொல்றது?"

"ஆமாம் அக்கா. யார் எழுதியது என்று கேட்டார்கள். அதனால்தான்..."

"நான் எய்தனது எனுக்குத் தெரியும். தைரியமா ஒண்ணு எய்தனேன், அத்த நீ கூறுகட்டி வித்துட்ட." ஏரிக்கரை வரும்வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை பெட்டியில் மறுபடியும் இளஞ்சிவப்பு. "நான் கேட்டது பழம் இல்ல. பயம்." ழகரத்தின்மேல் பேனாவை இருமுறை ஓட்டியிருந்தார். அந்தச் சீட்டில் கவனமாக எழுதப்பட்ட எழுத்து அது ஒன்றுதான்.

இம்முறை எழுதியபடியே ஏற்றினேன். முந்தைய சீட்டுக்கு நான் தந்த பொருள் தவறு என்றும், இரண்டிலும் இருப்பது அச்சம்தான் என்றும் ஆங்கிலத்தில் சேர்த்தேன். 'லைன்' கட்டத்தை, அந்த வாரத்துச் சீட்டுகள் அனைத்துக்குமே, வெறுமையாக விட்டேன். மேடம் சாப்பாட்டிலிருந்து திரும்புமுன் அட்டவணையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, இளஞ்சிவப்புச் சீட்டை என் பையில் வைத்துக்கொண்டேன். மேடம் கேட்டபோது, சீட்டுகளைத் துண்டுதுண்டாகக் கிழித்துவிட்டேன் என்றேன். மீதி எல்லாவற்றையும் உண்மையாகவே கிழித்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. வேலை குறைந்துவிட்டது, அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை மிக இனிமையாகச் சொன்னார்.

கல்லூரி திறந்த பிறகு ஒருநாள் அக்காவைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அவரே என்னிடம் வந்து பேசினார்.

"அந்த ஆள பச்ச லைனுக்கு மாத்திட்டாங்க பாப்பா. எனுக்கு ரினியூ பண்ணிக்கீறாங்க. மூணு மாசத்துக்கு."

"ஆறு மாதம்தானே வழக்கம்?"

"எல்லாருக்கும் மூணுதான்றாங்க. மெய்யா பொய்யா, யாருக்குத் தெரியும்?" பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஒண்ணு தெரிமா, இப்ப எல்லா லைனுக்கும் வெள்ளச் சீட்டுதான்."

நல்லதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, "காமிரா?" என்று கேட்டேன்.

"அது அங்கயேதான் கீது" என்றார்.