கறுக்கிற கொலுசு

என் தங்கை கல்யாணத்துக்குக் கொலுசு வாங்கியது நான்தான். பம்பாய் டிசைன் என்று அப்போது புதிதாக வந்திருந்தது. பட்டையாக, பூவேலையோடு இருக்கும். அசல் வெள்ளிதானா என்று கடைக்காரரிடம் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். நம்பி வாங்கிவிட்டேன்.

நான் இருக்கும் நெய்வேலி குவார்ட்டர்ஸிலேயே தங்கையும் குடித்தனம் வைத்தாள். சில மாதங்களிலேயே கொலுசு கறுத்துவிட்டது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த அவள் மாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இன்னா தம்பி, போலியப் போட்டு அனுப்பிட்டீங்களா? என்னுதும் இதே டிசைன்தான். எப்பிடி மின்னிக்கினு இருக்குது பாருங்க!”

தங்கை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அழுகிறாள் என்று தெரிந்தது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் குடைந்தது. எங்கள் பிளாக்கில் எல்லார் வீட்டு வெள்ளியும் கறுக்கிறதே, அத்தனையுமா போலி?

“அத்தை, உங்களதையும் இங்க கழட்டி வச்சிட்டுப் போங்க. இந்த ஊர்க் காத்துல கறுக்குதான்னு பார்ப்போம்” என்றேன்.

தங்கையின் கொலுசை விபூதி போட்டுத் தேய்த்து, இரண்டு ஜோடியையும் ஜன்னலில் ஒன்றாக மாட்டினோம். மாமியார் அடுத்த முறை வந்தபோது எங்களது மறுபடி கறுத்திருந்தது. அவருடையது பளிச்சென்றே இருந்தது.

“இப்ப இன்னா சொல்றீங்க?”

எனக்கே நம்பிக்கை போய்விட்டது. இருந்தாலும் ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு வடலூரில் நகை செய்யும் பத்தரிடம் போனேன். மாமியாரும் விடாமல் கூடவே வந்தார்.

பத்தர் இரண்டிலும் அரத்தால் லேசாகக் கீறி, கீறலில் ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். எங்களதில் பால் போல வெள்ளையாகப் படிந்தது. மாமியாருடையதில் பச்சையாக நுரைத்தது.

“கறுத்தது வெள்ளி. உங்களது ஜெர்மன் சில்வரும்மா. பேருதான் சில்வர், வெள்ளியே கெடையாது.”

“அப்ப அது ஏன்யா கறுக்குது?”

“நெலக்கரிப் புகையில கந்தகம் இருக்குது. வெள்ளி அதைச் சட்டுனு புடிச்சிக்கும். உங்களதுல அது அவ்வளவா புடிக்காது.”

மாமியார் தன் கொலுசை முந்தானையில் முடிந்துகொண்டார். வழியில் இருந்த நகைக்கடையில் ஏறினார். கடைக்காரர் தட்டை நீட்டினார்.

“பம்பாய் டிசைன்ம்மா. எத்தினி வருசம் போட்டாலும் கறுக்காது.”

மாமியார் தட்டைத் தள்ளினார்.

“கறுக்காததை நீயே வச்சிக்க. எங்க மருமவ போட்டுக்கினு இருக்கா பாரு, அந்த மாதிரி கறுக்கிறதா ஒண்ணு காட்டு.”