விசைத்தறியில் முதல் நாள்

இராமேஸ்வரம் போகும் வழியில், பரமக்குடியில் டயர் மாற்றுவதற்காக பஸ் நிற்கிறது. எதிரே விசைத்தறிக் கூடம். அதன் இரைச்சலில் டீக்கடை பெஞ்சே அதிர்கிறது. கூடத்து வாசலில் ஒரு பெண் கண்ணாடி வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்கிறார். இருபது வருடம் வீட்டில் கைத்தறி நெய்தவராம். நூல் கொடுத்துவந்த முதலாளி நிறுத்திவிட்டதால் இன்று இங்கே வேலைக்குச் சேருகிறார்.

“பயமா இருக்கா, அக்கா?” என்று கேட்கிறேன்.

“வீட்டுத் தறி நான் கையெடுத்தா நின்னுரும். இது நிக்காதும்மா. போன மாசம் இங்கன ஒரு புள்ளைக்கு ரெண்டு விரல் போயிருச்சு. அவ எடத்துக்குத்தான் நான் வாரேன்.”

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவர் போகிறார். கதவு வழியே பார்க்கிறேன். ஓடும் தறிக்கு முன்னால், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.