கறிக்கு வெட்டிய மீன்

எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு மீன்கடையில் வேலை செய்துகொண்டிருந்த அப்பா, அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். அதற்கு மூன்றாவது வாரம் எனக்கு மீன் அறுக்கும் செய்முறைத் தேர்வு வந்தது. பல்கலைக்கழகத்தில் உயிரியல், முதலாம் ஆண்டு. முதல் அரையாண்டில் கோட்டை விட்டிருந்தேன். இதிலும் விட்டால் படிப்பு அவ்வளவுதான். கடை முதலாளி செத்தவீட்டிலேயே சொல்லியிருந்தார்: "பிள்ளை, அப்பாவின்ரை இடம் அப்பிடியே கிடக்கு. படிப்புச் சரிவராட்டில் யோசியாமல் வாங்கோ." நல்ல மனுஷன். எனக்குக் கோபமும் வரவில்லை, நன்றியும் வரவில்லை. மரத்துப்போய் இருந்தேன்.

பொபினியில் எங்கள் வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. காலையில் வெளிக்கிடும்போது அம்மா கேட்டார்.

"செத்தவீட்டுத் துடக்கோடை மீன் தொடப்போறியோ?"

"சோதினை அம்மா."

"வந்தவுடனை முழுகு."

ஆய்வுகூடத்தில் ஆளுக்கொரு தட்டு, ஒரு ட்ரவுட் மீன், ஒரு கத்தரிக்கோல். இதயம், செவுள், ஈரல் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே காட்டி, வரைந்து, பெயர் குறிக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தது நினைவிருக்கிறது. பிறகு ஆசிரியை என் மேசையருகே வந்து நின்றது நினைவிருக்கிறது. இடையில் நடந்ததைக் கை பார்த்துக்கொண்டது. செதில் சுரண்டி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி, உள்ளே இருந்த அத்தனையையும் குப்பையில் போட்டிருந்தேன். கழுவியும் வைத்திருந்தேன். சனிக்கிழமைகளில் கடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பழகிய கை. மீன் குழம்புக்குத் தயார்; தேர்வுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

"இதயம் எங்கே?" என்றார் ஆசிரியை.

குப்பைத்தொட்டியைக் காட்டினேன். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அவர் மிஞ்சிய மீன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "நேரம் கூட்டித் தர முடியாது" என்றார்.

இரண்டாவதை மெதுவாகத் திறந்தேன். செவுள்களுக்குக் கீழே கடலையளவில் இருந்தது இதயம். அத்தனை சனிக்கிழமைகளில் ஒருநாளும் நான் அதைப் பார்த்ததில்லை. வரைந்தேன், பெயர் குறித்தேன். அந்தப் படம்தான் என்னை இரண்டாம் ஆண்டுக்கு ஏற்றிவிட்டது. முதலாளியிடம் போகத் தேவைப்படவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து முழுகிவிட்டுத் தலை துவட்டும்போது அம்மா கேட்டார், "எப்பிடிச் செய்தனி?"

"முதல் மீனை அப்பா மாதிரியே கறிக்கு வெட்டிப்போட்டன்."

அம்மா துவாயை வாங்கி என் தலையைத் துவட்டினார்.

"அப்ப வடிவாத்தான் வெட்டியிருப்பாய்" என்றார்.

செத்தவீட்டில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.