கூடையோடு ரயில் ஏறியது

ஓரிடத்தில் உட்காரும் வரம் எனக்குப் பிறப்பிலேயே வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் நான் மூன்று பெஞ்சு மாறியிருப்பேன். அப்படிப்பட்டவளை ஒன்பது வயதில் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். கண்ணெதிரே குட்டி ரயில் கூவிக்கொண்டு சுற்றிவர, கல் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் இரு என்றார்கள். பிறகு நடந்ததற்கு என்னை மட்டும் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று வெகுநாள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் தங்கையைப் பெண் பார்க்கத்தான் அந்தப் பயணம். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. பூதலூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறத் தொடங்கியிருந்த காலம் அது. வயலில் இறங்கி நாற்றுப் பறித்த பையன்கள் இரண்டு வருஷம் கழித்து வாசனை தெளித்துக்கொண்டு பெரிய பெட்டியோடு வந்து இறங்குவார்கள். வந்த ஒரு மாதத்துக்குள் பெண் பார்த்து, மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தாலி கட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அதனால் எல்லாமே அவசரம்தான்.

அத்தையை ஏற்கெனவே இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பார்த்து, கேசரி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, தகவல் சொல்லாமல் போயிருந்தார்கள். கொடுத்த போட்டோவும் திரும்பி வரவில்லை. இனி வீட்டுக்கு யாரும் வரவேண்டாம், போட்டோவும் எவனுக்கும் கிடையாது என்று அப்பா அறிவித்துவிட்டார். இந்துக்கள் என்றால் பெரிய கோயில் பிராகாரத்தில் வைத்துப் பார்த்துவிடுவார்கள். நாங்கள் மாதா கோயிலில் பூசை நேரத்தில் பெண் பார்க்க முடியுமா? எனவே எங்கள் பங்கு உபதேசியார் ஓர் ஏற்பாடு செய்தார். சாமியாருக்குப் பூசையில் உதவுவதும் ஞானோபதேசம் நடத்துவதும் அவர் வேலை. கல்யாணம் பேசிமுடிப்பது அவர் ஆசை.

ஏற்பாடு இதுதான். இரண்டு குடும்பமும் தற்செயலாகப் பூங்காவுக்கு வர வேண்டும். ஒருவரை ஒருவர் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது, பேசக் கூடாது, வணக்கம்கூடச் சொல்லக் கூடாது. பிடித்தால் மறுநாள் சேதி வரும். பிடிக்காவிட்டால் நாம் பூங்காவுக்குப் போனோம், வந்தோம், அவ்வளவுதான். பெண் இன்னாரென்று தெரிய அடையாளம்: மான் கூண்டுக்கு எதிரே, பழைய கோட்டை மதிலை ஒட்டிய கல் பெஞ்சு, நீலமும் மஞ்சளும் கலந்த வயர் கூடை, பக்கத்தில் அண்ணன் மகள். அந்த அண்ணன் மகள் நான். கூடை அத்தையே பின்னியது.

அப்பாவும் அம்மாவும் எங்களை உட்காரவைத்துவிட்டுக் குளத்துப் படிக்கட்டுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். உபதேசியார் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இருந்தார். போகும்போது அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "எது நடந்தாலும் இந்தக் கூடைய விட்டுட்டு நகரக் கூடாது, தெரியுதா?" என்றாள். தலையாட்டினேன்.

என் கையில் ரயில் டிக்கெட் இருந்தது. என்னைச் சமாதானப்படுத்த அத்தை முன்கூட்டியே வாங்கிக் கொடுத்தது. ரயில் ஒவ்வொரு முறை கூவும்போதும் எனக்குக் கால் துடித்தது. மதிலின் இடுக்கில் முளைத்திருந்த அரசங்கன்றைப் பிய்த்தேன். எந்த ராஜா காலத்துச் செங்கல்லோ, நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது, கொஞ்சம் சுரண்டினேன். மானுக்குப் பழிப்புக் காட்டினேன். அத்தையும் ஒரு நிலையில் இல்லை. பத்து நிமிஷத்தில் நான்கு தரம் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். கைக்குட்டை எடுக்கச் சின்னப் பர்ஸைத் திறந்தபோது உள்ளே ஒரு காகித உறை தெரிந்தது. சும்மா இருப்பேனா, உருவினேன். அத்தையின் முகம், ஒரே மாதிரி நான்கு படம், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. முடியை இறுக்கிக் காதுக்குப் பின்னால் வாரி, சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அத்தே இத்தனூண்டு போட்டோ?"

"பஸ் பாஸுக்குடி. குடு இப்படி."

அத்தை தினமும் போனது தையல் வகுப்புக்கு மட்டும்தான், அதுவும் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டுக்கு. எனக்கு அது உறைக்கவில்லை. ரயில் மறுபடி கூவியது.

வெயிலில் பவுடர் திட்டுத்திட்டாக ஆகிவிட்டது என்று அத்தை குழாயடிக்கு முகம் கழுவப் போனாள். "அஞ்சே நிமிஷம். கூடையப் பாத்துக்க" என்றாள். அவள் தலை மறைந்ததும் நான் யோசித்தேன். கூடையை விட்டுவிட்டு நகரக் கூடாது என்றுதானே அம்மா சொன்னாள்? கூடையோடு நகரலாமே! இதைவிடக் கீழ்ப்படிதலான பிள்ளையை அந்தப் பூங்கா கண்டிருக்காது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ரயில் பெட்டியில் என் பக்கத்தில் பச்சைப் புடவை கட்டிய ஓர் அக்கா இருந்தாள். மடியில் ஒன்று, தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒன்று என இரண்டு குழந்தைகள். "கூடைய எங்கிட்ட குடு கண்ணு, நீ கம்பியப் புடிச்சுக்க" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. இரண்டாவது சுற்றில், கருப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆளும் கனத்த சங்கிலி போட்ட ஓர் அம்மாளும் வேலி ஓரமாக எங்கள் பெட்டியோடு கூடவே வேகமாக நடந்துவந்தார்கள். கூடையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அந்த அக்காவைப் பார்த்தார்கள், குழந்தைகளைப் பார்த்தார்கள். நான் உற்சாகமாகக் கைகாட்டினேன். அந்த ஆளும் பாதி கையைத் தூக்கி, பிறகு இறக்கிக்கொண்டார். யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்பதுதானே ஏற்பாடு?

நான் கூடையோடு பெஞ்சுக்குத் திரும்பியபோது அப்பா, அம்மா, அத்தை மூவரும் அங்கே நின்றார்கள். உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ரெண்டு புள்ள பெத்தவளக் காட்டவா எங்களக் கூட்டியாந்தீங்கன்னு அந்தம்மா கத்திட்டுப் போவுதுங்க! பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போறாங்க. இப்ப ஓடினா புடிச்சிடலாம். சின்னப் புள்ள தெரியாம செஞ்சிடுச்சின்னு நான் சொல்லிக்கிறேன்."

அப்பா என்னைத்தான் பார்த்தார். "கூடைய யாருடி எடுக்கச் சொன்னது?" கை ஓங்கிவிட்டது. அந்த வாரம் என் வலது காதில் சீழ் வைத்திருந்தது. தினமும் சொட்டு மருந்து விட்டவள் அத்தை. ஓங்கிய கை அந்தக் காதுக்கு நேரே இருந்தது.

அத்தை நடுவில் வந்து நின்றாள். முகத்தில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தாண்ணே. நான்தான் கூடையக் குடுத்து அனுப்பினேன்."

அப்பாவின் கை அப்படியே நின்றது. "புடிக்கலன்னா சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் மெதுவாக. அத்தை தரையைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடத் தயாராக நின்ற உபதேசியார் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டார். பொண்ணுக்கே இஷ்டமில்லாதபோது அவர் ஏன் ஓட வேண்டும்?

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பாசஞ்சர் ரயிலில் அத்தையின் மடியில் படுத்துக்கொண்டு, எனக்காகப் பொய்கூடச் சொல்கிற அத்தை யாருக்குக் கிடைப்பாள் என்று பெருமைப்பட்டேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், சொன்ன பேச்சு கேட்காத பாவத்தைச் சொன்னேன். பொய்யைச் சொல்லவில்லை, அது அத்தை சொல்ல வேண்டிய பாவம்.

உபதேசியார் நல்லவர்தான், வாய்தான் நிற்காது. வந்த வரனைத் தானே தட்டிவிட்டவள் என்ற பேச்சு திருக்காட்டுப்பள்ளி வரை போனது. பிறகு வரன் வருவது குறைந்தது, அப்புறம் நின்றது. அத்தை தையல் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கல்யாணம் வேண்டாமென்று இருக்கிறவள் என்றே நானும் நம்பினேன்.

நர்சிங் முடித்து மஸ்கட் போக எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தபோது அத்தைதான் ஸ்டுடியோவுக்குக் கூட வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கம்போல நெளிந்துகொண்டிருந்தேன். அவள் அருகில் வந்து, என் காதுகளை மூடியிருந்த முடியை இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னால் செருகினாள்.

"ரெண்டு காதும் தெரியணும். சிரிக்காத. இல்லன்னா பாஸ்போர்ட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"உனக்கெப்படி அத்தே தெரியும்?"

"அப்பவே கேட்டு வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, விளக்கு வெளிச்சத்திலிருந்து விலகிப் போய் நின்றாள்.

ஸ்டுடியோக்காரர் ஆடாமல் இருக்கச் சொன்னார். நான் ஆடவில்லை. படம் எடுத்து முடித்து அவர் எழுந்திருக்கச் சொன்ன பிறகும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.