போகும்போது வாங்கிய கொடி

பந்தயத்தன்று காலை என் மனைவி குதிரைக்குக் கொள்ளு வைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"இன்னைக்கு ஜெயிச்சா குதிரை இருக்கட்டும். இல்லேன்னா வித்துடணும். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்குங்கிற மாதிரி எதையாவது சொல்லிக்கிட்டு வராதீங்க."

"நம்ம குதிரை நொண்டியா?" என்றேன்.

"நான் குதிரையைச் சொல்லலை" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டிருந்த சமயம் அது. பட்டுக்கோட்டைப் பக்கம்தான் எங்கள் ஊர். கடைத்தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். வெளிநாட்டில் இருந்தவன் ஊருக்கு வந்தால் முதலில் "எப்ப வந்தீங்க?" என்பார்கள், அடுத்தது "எப்பப் போறீங்க?" இனிமேல் போவதில்லை என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் கேட்க அவர்களிடம் ஒன்றும் இருக்காது. குதிரை வாங்கிய பிறகுதான் எனக்கென்று மூன்றாவதாக ஒரு கேள்வி வந்தது: "குதிரை எப்படி இருக்கு?" அதை விற்றுவிட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும்.

மாதா கோயில் திருவிழாவுக்காக வாய்க்கால் சாலையில் குதிரை வண்டிப் பந்தயம் வைத்திருந்தார்கள். தூரத்துப் பாலம்தான் எல்லை. அதுவரை போய்த் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். எங்கள் வண்டியை ஓட்ட ஒரு சாரதி இருந்தார். எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் குதிரையின் கழுத்தைத் தட்டி, "பார்த்துப் போய்ட்டு வா" என்றேன், ஏதோ ஆளைப் பிளேன் ஏற்றி அனுப்புவது போல.

துண்டை வீசியதும் வண்டிகள் புழுதிக்குள் மறைந்தன. பின்னாலேயே மோட்டார் சைக்கிள்கள் பறந்தன. அப்புறம் சாலையும் நாற்றங்காலும்தான் மிச்சம். குதிரைக்காரன் என்று பேர். குதிரை ஓடுவதை மட்டும் பார்க்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது.

"குதிரைக்காரரே, கொடி உங்களுக்குத்தான்!"

அவ்வளவுதான், நின்றவர்களுக்கெல்லாம் டீ சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் தயங்கினார்.

"முதல்ல குதிரை வரட்டுங்களே."

"கொடியே வாங்கியாச்சு, இன்னும் என்ன வர்றது? ஊத்துங்க."

புழுதி தெரிந்தது. முன்னால் ஒரு செவலைக் குதிரை வந்தது. அதன் பின்னால் இன்னொரு செவலை. எங்களுடையது மூன்றாவது, ஓட்டமும் நடையுமாக. ஆனால் வண்டியில் கொடி பறந்தது, சாரதி கல்யாண மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜனம் அவர்களுக்கும் கைதட்டியது, எங்களுக்கும் கைதட்டியது. விழாக் குழுவினர் முதலில் வந்த செவலைக்காரருக்கு மாலை போட்டுவிட்டு எங்கள் சாரதிக்குத் துண்டு போட்டார்கள். சிரிப்பதா, தலையைத் தொங்கப்போடுவதா என்று எனக்குப் புரியவில்லை.

சாரதியை ஓரமாக அழைத்துக் கேட்டேன். "நாம ஜெயிச்சோமா?"

"போகையில ஜெயிச்சோம். பாலத்தை முதல்ல தொட்டது நாமதான், அதுக்குத்தான் கொடி."

"வர்றப்ப?"

"வர்றப்ப அவங்க ஜெயிச்சாங்க. பரிசு அதுக்கு."

"அப்ப மொத்தத்துல?"

"மொத்தம்னு ஒண்ணு பந்தயத்துல இல்லைங்க" என்று அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

டீக்கடைக்காரர் வந்தார். "அண்ணே, இந்த டீ சந்தோஷத்துக்கா, துக்கத்துக்கா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவியிடம் சொல்ல வேண்டியதை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. வாசலுக்கு வந்தவள் கொடியைப் பார்த்துவிட்டாள்.

"கொடியெல்லாம் வருது! ஜெயிச்சிருச்சா?"

"போகும்போது ஜெயிச்சுது."

"வரும்போது?"

கொடியைக் கழற்றிச் சுருட்டினேன். குதிரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீங்க போனப்ப ஊரே திரண்டு வந்து பஸ் ஏத்திவிட்டுச்சு. திரும்பி வந்தப்ப பெட்டி தூக்கக்கூட ஒரு ஆள் இல்லை. அப்படி வந்த ஆளையே வச்சிக்கிட்டிருக்கேன், இதையா விக்கச் சொல்லப் போறேன்? அவுத்துக் கட்டுங்க."

அவிழ்த்துக் கட்டினேன். அது ஆறுதலா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்க்கலாம்தான், கேட்கப்போய் மனம் மாறிவிட்டால்?

கொடியை பூத்தில் டெலிபோனுக்கு மேலே சொருகி வைத்தேன். பார்க்கிறவர்கள் "ஜெயிச்சுதா?" என்பார்கள். "குதிரை நல்லா இருக்கு" என்பேன்.