கிழக்கு பார்த்து நின்றதால் வந்த வினை

எந்த வேலையையும் கிழக்கு பார்த்துத் தொடங்கு என்று சொல்லியே அம்மா என்னை வளர்த்தார். செனாய் ஊர்த் தொழிற்சாலையில் அவர் இன்றும் அப்படித்தான் இயந்திரத்தைத் தொடுவார். நானும் ஜோகூரில் முனைவர் பட்டத்துக்காக எலிகளை நீந்தப் பழக்கியபோது, தொட்டியின் மேற்குப் பக்கம் கிழக்கு பார்த்தே நின்றேன். பால்மாவு கலந்த தண்ணீருக்குள், எனக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து எலி அதைத் தேடி ஏற வேண்டும். ஏறியதும் துண்டால் துடைத்து, "கெட்டிக்காரன்டா நீ" என்று கொஞ்சுவேன். எலிதானே என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். நன்றாக முகம் பார்த்துப் பழகும்.

மூளையில் பாடம் பதிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வேண்டும். அதை முடக்கும் மருந்தைப் பாதி எலிகளுக்கும், வெறும் உப்புநீரை மீதிக்கும் ஊசி போட்டுப் பார்ப்பதுதான் என் ஆய்வு. மருந்துக் கூட்டம் தடுமாற வேண்டும், உப்புநீர்க் கூட்டம் நேரே மேடைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் என் பட்டம் அம்போ.

சோதனை நாள் தைப்பூசத்தன்று வந்தது. நான் பால்குடம் எடுக்கப் போய்விட்டேன். மெர்சிங்கிலிருந்து வந்து படிக்கும் என் கிறிஸ்தவத் தோழி பார்த்துக்கொண்டாள். மறுநாள் பேராசிரியர் வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"எதும்மா மருந்து போட்டது? எல்லாமே ஒரே மாதிரிதான் சுத்துது."

தோழி தலையைச் சொறிந்தாள்.

"அலமாக், ஐயய்யோ, மேடைப் பக்கம் போகாம எல்லாம் நான் நின்ன கதவுப் பக்கமே வந்துச்சு லா. என் மூஞ்சியவே பார்த்துச்சுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் திருட்டுப் பயல்கள் சுவரில் ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆள் நிற்கும் இடத்தில் மேடை இருக்கும் என்பதுதான் அவை படித்த பாடம்.

மேடையை இடம் மாற்றி, திரை கட்டி, அதன் பின்னால் ஒளிந்துகொண்டு அதே எலிகளை முதலிலிருந்து பழக்கினேன். அம்மாவிடம் சொன்னபோது, "திரைக்குப் பின்னால எந்தப் பக்கம் பார்த்து நிக்கிற?" என்று கேட்டார்.

இந்த முறை உப்புநீர் எலிகள் நேரே போய் மேடை ஏறின. மருந்து போட்டவை வட்டமடித்தன. ஆய்வு பிழைத்துக்கொண்டது. கடைசியாக இறங்கிய காது மடிந்த எலியும் மருந்து போட்டவன்தான். மேடையை உரசிக்கொண்டு போயும் தெரியாமல் சுற்றிச் சுற்றிக் களைத்தான். நேரம் முடிந்ததும் அவனைத் தூக்கத் திரையை விலக்கி வந்தேன். சட்டென்று திரும்பி, நேரே என்னிடம் நீந்தி வந்தான். துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"இதையெல்லாம் ஆய்வேட்டுல எழுதிடாதம்மா" என்றார் பேராசிரியர்.

எழுதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.