இருபத்தேழு நிமிடக் காத்திருப்பு

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘எப்ப அக்கா’ என்று பெயர். யார் எந்தத் தாளை நீட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ‘எப்ப?’ என்பதுதான். விண்ணப்பம் எப்ப கொடுத்தார்கள், பதில் எப்ப வந்தது, குழாயில் தண்ணீர் எப்ப நின்றது. அரசாங்கம் செய்வதாகச் சொன்ன வேலை மக்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவின் பிழைப்பு. செயல்திறன் தணிக்கை என்று பலகையில் எழுதியிருக்கும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கு அதை விளக்கிச் சொல்வதற்குள் அவர் இறங்குகிற இடம் வந்துவிடும்.

நான் அங்கே அறிக்கைகளைத் திருத்துகிறவன். அவர்கள் எழுதிக் கொண்டுவரும் நூறு பக்கத்தை அறுபதாக்குவது என் வேலை. அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது, எனக்கும் அவர்களில் பாதிப் பேரைப் பிடிக்காது. எப்ப அக்காவோடு நான் போட்ட சண்டைக்கு அளவே இல்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை, ஒரு வரியை வெட்டினால் இரண்டு மாடி ஏறி வந்து நிற்பார். அப்படிப்பட்டவரைப் பற்றி நான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் எலும்பு மருத்துவமனைத் தணிக்கை.

அதற்குப் பத்து வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது அந்த அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிக் கூடத்தில் உட்கார இடம் கிடையாது, வரிசை கிடையாது. கட்டுப் போட்ட கால்களும் தூளி கட்டிய கைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அக்கா மூன்று மாதம் அங்கேயே கிடந்தார். டோக்கன் கொடுங்கள், நாற்காலி போடுங்கள், டோக்கன் கொடுத்த நிமிடத்திலிருந்து டாக்டர் பார்க்கிற நிமிடம்வரை கணக்கெடுங்கள், அது அரை மணிக்கு மேல் போகக் கூடாது என்று எழுதினார். மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடமே சராசரிக் காத்திருப்பு இருபத்தேழு நிமிடம். எங்கள் அலுவலகத்துக்குத் தலைகால் புரியவில்லை. இப்படித்தான் தணிக்கை செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கையை எல்லோருக்கும் காட்டினார்கள். அக்காவுக்கும் அதில் பெருமை உண்டு. ஓரம் மடங்கிப்போன ஒரு பிரதியைக் கைப்பையிலேயே வைத்திருந்தார்.

எந்தெந்தத் துறையைத் தணிக்கை செய்வது என்று ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே திட்டம் போடுவோம். போன வருடத் திட்டத்தில் அதே மருத்துவமனையை மறுபடியும் சேர்க்கச் சொன்னது அக்காவேதான். எங்கள் இயக்குநருக்கு அது வீண் வேலையாகப் பட்டது. பழைய அறிக்கையில் அக்காவின் பெயருக்குக் கீழே அவர் பெயரும் இருந்தது, அந்தப் பலத்தில்தான் அவர் இயக்குநரே ஆனார். எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது என்றார். அக்கா பத்து வருட எண்களை ஒரே தாளில் எழுதி அவர் மேசையில் வைத்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு, மறுபடி இருபத்தேழு.

“கூட்டம் ரெண்டு மடங்கா ஏறியிருக்கு. டாக்டருங்க அதே ஒம்பது பேர்தான். நேரம் மட்டும் எப்படி ஏறாம இருக்கு?”

இயக்குநர் அதைத் திட்டத்தில் சேர்த்தார். சீக்கிரம் முடியட்டும் என்று என்னையும் கூட அனுப்பினார். அவருடைய அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. துணை இயக்குநர் பதவி காலியாக இருந்தது. இரண்டு மாதத்தில் நேர்முகம், அதற்குள் அக்கா இந்த வேலையை முடித்தாக வேண்டும். அக்காவுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. அந்தப் பதவி மேல் அவருக்கு ஆசை இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

முதல் நாள் முறைப்படி கடிதத்தோடு பத்து மணிக்குப் போனோம். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். கூடம் பளபளவென்று இருந்தது. நூற்றிருபது நாற்காலி, முன்னால் இருபது பேர், தலைக்கு மேல் மின்விசிறி, சுவரில் எண் காட்டும் பெட்டி. என் மனதுக்குள் பாதி அறிக்கை முடிந்துவிட்டது. அக்கா மட்டும் கடைசி வரிசைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தடவிப் பார்த்தார். கடையில் ஒட்டிய விலைச்சீட்டு அதன் முதுகில் அப்படியே இருந்தது. பத்து வருடமாக அதில் ஒருவரும் சாய்ந்ததில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் விடிந்ததும் போன் செய்து பின்வாசலுக்கு வரச் சொன்னார். முனகிக்கொண்டே போனேன், என் முழங்கால் அப்போதே தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது. மதில் ஓரமாக இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சாக்கடைக் கல்லில் சிலர், துணி மூட்டையின் மேல் சிலர், ஊன்றுகோலைக் கட்டிக்கொண்டு நின்றபடியே தூங்குகிறவர் ஒருவர். அக்கா ஒவ்வொருவரிடமும் குனிந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போனார்: “வீட்டை விட்டு எப்ப கிளம்பினீங்க?”

துணி வெளுக்கிற ஒரு அம்மா, முழங்கால் பூசணி போல வீங்கியிருந்தது, விடியுமுன்னே கிளம்பியதாகச் சொன்னார். “உள்ள போயிட்டா சட்டுன்னு பாத்துடறாங்கம்மா, குறை சொல்ல முடியாது. இங்கதான் நிக்க முடியல.”

உள்ளே இத்தனை நாற்காலி காலியாக இருக்கிறதே, ஏன் விடக் கூடாது என்று அக்கா வாசல் காவலரிடம் கேட்டார். அவருக்கு எங்களைத் தெரியாது.

“உள்ள விட்டா டோக்கன் குடுக்கணும். குடுத்தா நேரம் ஓட ஆரம்பிச்சிடும். அரை மணிக்கு மேல போகக் கூடாதுன்னு தணிக்கைல சொல்லிட்டாங்கம்மா. அதான் இருபது இருபது பேரா விடறோம்.”

அக்கா அந்தச் சாக்கடைக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து பழைய அறிக்கையை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்தார். அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், அதைத் திருத்தியது நான்தான். இவர்கள் செய்கிற தில்லுமுல்லுக்கு நாம் என்ன செய்ய முடியும் என்றேன்.

“முன்னாடி நெருக்கிக்கிட்டு நின்னாலும் கூரைக்குக் கீழ நின்னாங்க அண்ணே. நான்தான் இவங்கள வெயில்ல கொண்டுவந்து நிறுத்தியிருக்கேன்.”

ஐந்து நாள் அங்கேயே நின்று கணக்கெடுத்தார். வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து டாக்டரைப் பார்க்கும்வரை சராசரி ஆறு மணி நேரம்.

வரைவில் முதல் குறையாகத் தன் பரிந்துரையையே எழுதியிருந்தார். நேரத்தை வாசலுக்கு உள்ளே இருந்து எண்ணச் சொன்னது தணிக்கையின் தவறு, அதன் பிறகு வந்த எண்களை நம்பி மூன்று முறை பாராட்டுக் கடிதம் அனுப்பியதும் தவறு என்று இருந்தது. இயக்குநர் கதவைச் சாத்தினார். மருத்துவமனை நம் பரிந்துரையைத் தவறாக நடைமுறைப்படுத்திவிட்டது என்று ஒரு வரி போதும் என்றார். அது முழுப் பொய்யும் இல்லை. அந்த வரியை அழகாகச் செதுக்கிக் கொடுத்ததே நான்தான், அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

“அக்கா, உங்க பேர நீங்களே கெடுத்துக்காதீங்க. நேர்முகம் அடுத்த மாசம்” என்றார் இயக்குநர்.

யோசித்துச் சொல்வதாக அக்கா எழுந்துபோனார். வீட்டில் அவர் கணவர், தையல்காரர், விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் மேலேயே புகார் எழுதுகிற ஆளை இப்போதுதான் பார்ப்பதாகச் சிரித்திருக்கிறார். பிறகு, கூட்டத்துக்குப் போட்டுப்போகிற துணி எது என்று கேட்டு இஸ்திரி போட்டுக் கொடுத்தாராம்.

மருத்துவமனையோடு நடந்த கூட்டத்துக்குக் கண்காணிப்பாளர் தடித்த கோப்போடு வந்திருந்தார். எங்களுடைய பாராட்டுக் கடிதம் மூன்றும் மேலேயே இருந்தன. சண்டைக்குத் தயாராக மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இயக்குநர் பேச வாயெடுப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

“முதல் குறை எங்களோடது. சரியா சொன்னா என்னோடது. டோக்கன்லேருந்து எண்ணச் சொன்னது நான். வாசலுக்கு வெளிய வந்து நான் பாக்கல. நான் எழுதினதத்தான் நீங்க செஞ்சீங்க. உங்க குறையெல்லாம் அதுக்கப்புறம்தான் வருது.”

கண்காணிப்பாளர் கோப்பை மூடினார். 

“எட்டு வருஷமா அந்த வழியாத்தான் கார்ல வர்றேன் மேடம். மதில் ஓரம் வந்ததும் ஜன்னல் கண்ணாடிய ஏத்திக்குவேன்.”

அதன் பிறகு அது விசாரணை மாதிரியே இல்லை. காவலரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். எத்தனை மணிக்கு வாசலைத் திறக்கலாம், எந்த நேரத்தைச் சீட்டில் எழுதலாம், இன்னும் எத்தனை டாக்டர் வேண்டும் என்று மத்தியானம்வரை பேசினார்கள். இயக்குநர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த முதல் குறையில் நான் ஒரு எழுத்தைக்கூட வெட்டவில்லை. துணை இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போனது. அக்கா அவருக்குக் கை கொடுத்து வாழ்த்திவிட்டு, நாற்காலியில் உட்கார்வதற்குள் நிலுவையில் இருந்த ஒரு கோப்பை எப்ப தருவீர்கள் என்று கேட்டார். உள்ளுக்குள் வலித்திருக்கும். எனக்கு வலித்தது.

ஆறு மாதம் கழித்து என் முழங்கால் முழுதாகப் படுத்துவிட்டது. சலுகை எதுவும் கேட்காமல் பின்வாசல் வழியாகவே போனேன். வாசல் திறந்திருந்தது. அதே காவலர் கையில் சீட்டோடு கேட்டார்: “வீட்டை விட்டு எப்ப கிளம்பினீங்க?”

ஆறரை என்றேன். எழுதிக் கொடுத்தார். நூற்றிருபது நாற்காலியும் நிரம்பி, ஓரத்தில் பெஞ்சுகளும் போட்டிருந்தார்கள். சிலர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். எண் காட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை: நேற்றைய சராசரிக் காத்திருப்பு, மூன்று மணி ஐம்பது நிமிடம். இவ்வளவு மோசமான ஒரு எண்ணைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

அவர் பாராட்டையெல்லாம் காதில் வாங்கவில்லை. “மதில் ஓரமா யாராவது நிக்கறாங்களா?” என்றார்.

பார்க்கவில்லையே என்றேன். போய்ப் பார்க்கச் சொன்னார். இடத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனேன். மதில் நெடுக வெயில் மட்டும்தான் இருந்தது.

“யாரும் இல்ல அக்கா.”

  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“சரி அண்ணே. அந்தக் கால வெச்சுக்கிட்டு நிக்காதீங்க. உள்ள போய் உக்காருங்க.”